குஞ்சம் கட்டிய டிராக்டர்

தேவிப்ரியா வீட்டு டிராக்டருக்கு நாற்பத்தோரு வயது. அவள் அப்பா ஜெயவேலுக்கு முப்பத்தொன்பது. தன்னைவிட மூத்தது என்பதால் அப்பா அதை "அவர்" என்றுதான் சொல்வார்.

"இன்னைக்கு அவருக்கு ஸ்டார்ட் ஆக மனசில்ல."

"மேட்டுல ஏற மாட்டேன்றாரு. மூச்சு வாங்குது."

ஒருமுறை வந்தவாசியிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், வீட்டில் யாரோ பெரியவர் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறார் என்று நினைத்து அரை கிலோ ஆப்பிள் வாங்கி வந்துவிட்டார். டிராக்டர் ஆப்பிள் சாப்பிடாது. தேவி சாப்பிட்டாள்.

ஆரணியில் அவர்கள் தெருவில் பதினெட்டு வீடுகள். பதினேழு வீடுகளில் பட்டுத் தறி ஓடியது. பதினெட்டாவது வீட்டு வாசலில் டிராக்டர் நின்றது. அப்பா அதை வைத்துச் சுற்று வட்டாரத்தில் ஏர் ஓட்டுவார். பின்னால் டிரெய்லரை மாட்டி மண்ணும் எருவும் ஏற்றிப் போவார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பழைய துணியால் டிராக்டரைத் துடைப்பார். அப்போது தேவி பெரிய சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில் ஏறி உட்கார்ந்து, அன்று பள்ளியில் நடந்ததை எல்லாம் சொல்லுவாள். அப்பா "ம்" கொட்டுவார். சூடு ஆறும்போது டிராக்டரும் உள்ளே எங்கேயோ "டிக், டிக்" என்று சத்தம் போடும். அதுவும் "ம்" கொட்டுகிறது என்றே தேவி எடுத்துக்கொண்டாள்.

அந்த டிராக்டர் ஒரு மாதமாக ஒழுகியது.

மண் நிறைந்த டிரெய்லரைச் சாய்த்துக் கொட்ட வேண்டும் என்றால் மனிதர்களால் தூக்க முடியாது. எண்ணெய்தான் தூக்கும். டிராக்டரில் உள்ள பம்ப், ஒரு இரும்புக் குழாய்க்குள் எண்ணெயைப் பலமாகத் தள்ளும். அந்தப் பலத்தில் டிரெய்லர் எழும்பும். அந்தக் குழாயில் மூன்று இணைப்புகள் இருந்தன. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. எண்ணெய் கீழே சொட்டியது.

வேறு தெருவாக இருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். இது பட்டுத் தெரு.

புடவையின் நீளவாட்டு இழைகளுக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன் ஆயிரக்கணக்கான இழைகளைத் தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டி, சிக்கல் எடுத்து, அறுந்ததை எல்லாம் முடிச்சுப் போட்டுச் சேர்ப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிய வேண்டும். பாவு நீட்டும் நாளில் அப்பா டிராக்டரைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய்விடுவார். ஆனால் டிராக்டர் போனாலும் அதன் எண்ணெய் போகாது. போன மாதம் யாரோ பாவு கட்டிய கழியை அந்த எண்ணெயின்மேல் கிடத்திவிட்டார்கள். ஊதா நிறப் பட்டில் கட்டைவிரல் அளவுக்குக் கறை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுச் சம்பந்தம் வந்தார். தெருவிலேயே மெல்லிய கை அவருக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு பாவின்மேல் விரலை ஓட்டினாலே அறுந்த இழை எது என்று சொல்லிவிடுவார்.

"ஜெயவேலு, திங்கக்கெழமை காலைல பாவு நீட்றேன். அரக்கு. மூணு கல்யாணப் பொடவை."

"சரிங்கண்ணா. விடியறதுக்குள்ள வண்டிய எடுத்துடறேன்."

"வண்டிய எடுப்ப. ஆயில எடுப்பியா?"

அப்பா தரையைப் பார்த்தார். தரையில் எண்ணெய் இருந்தது. உடனே வானத்தைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் உன்ன தொரத்தல," என்றார் சம்பந்தம். "தெருவுல எல்லாரும் பேசிட்டோம். திங்கக்கெழமைக்குள்ள ஒழுகறது நிக்கணும். இல்லன்னா வண்டி இங்க நிக்கக் கூடாது. பேஜாரா இருக்குதுப்பா."

அவர் போன பிறகு அம்மா சசிகலா கேட்டாள். "வேற எங்க நிறுத்துவீங்க?"

"களம்பூர்ல. கோகுல்ராஜ் வேலை செய்யற ரைஸ் மில்லுல எடம் இருக்குது. காலைல மொத பஸ்சுல போயி வண்டிய எடுக்கணும். ராத்திரி அங்கயே விட்டுட்டு கடைசி பஸ்சுல வரணும்."

"அப்ப நான் உன்ன எப்ப பாக்கறது?" என்றாள் தேவி.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஞாயித்துக்கெழமை," என்றார்.

தேவிக்கு ஒரு வாரத்தில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும். அதை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரை எங்கே வைத்திருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்பா சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணமங்கலத்தில் இருக்கும் மெக்கானிக் முத்துவேலுக்கு மூன்று வாரமாகப் போன் செய்துகொண்டிருந்தார். எப்போது செய்தாலும் ஒரே பதில்தான்.

"வந்துகினே இருக்கேங்க."

கண்ணமங்கலத்திலிருந்து ஆரணிக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். முத்துவேல் மூன்று வாரமாக வந்துகொண்டே இருந்தார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் சம்பந்தமே ஒரு வழி சொன்னார். அப்போது அவருக்குக் கோபம் வந்திருக்கவில்லை.

"தண்ணிக் கொழாய் ஒழுகினா சணல் சுத்தறாங்க இல்ல? சணல் எம்மாத்திரம். நான் பட்டு சுத்தறேன்."

தறியில் மிஞ்சிய மஞ்சள் பட்டு நூலைக் கொண்டுவந்தார். மேல் இணைப்பின்மேல் இறுக்கமாக, அழகாக, ஒரு சுற்றுகூட விலகாமல் சுற்றினார். "போதும்ணா, அறுத்துடலாம்," என்றார் அப்பா.

சம்பந்தம் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "அறுக்கறதா? நல்லா இருக்கற நூல யாராவது அறுப்பாங்களா?"

நெசவாளர் ஒருவர் அறுந்த நூலை நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருப்பார். முழு நூலை அறுக்க அவருக்குக் கை வராது. அதனால் சம்பந்தம் அதே நூலைக் குழாயின்மேல் இறக்கி நடு இணைப்பில் சுற்றினார். அங்கிருந்து இறக்கிக் கீழ் இணைப்பில் சுற்றினார். மீதி நூல் தொங்கியது. அதையும் அறுக்கவில்லை. முந்தானையில் கட்டுவதுபோல் ஒரு குஞ்சம் கட்டிவிட்டார்.

"குஞ்சம் எதுக்குண்ணா?"

"வேலைய முடிச்சா முடிச்ச மாதிரி தெரிய வேணாமா?"

டிராக்டர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எண்ணெய் அன்றுமுதல் குஞ்சத்தின் நுனியிலிருந்து சொட்டியது.

சனிக்கிழமை அப்பா வேலைக்குப் போகவில்லை. பெரிய ஸ்பேனரை எடுத்தார். சொட்டும் இடம் கீழ் இணைப்பு. அதனால் பட்டின்மேலேயே ஸ்பேனரைப் போட்டுக் கீழ் இணைப்பை இறுக்கினார்.

பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். "இன்னும் ஒரு சுத்து வை, ஜெயவேலு."

அப்பா இன்னும் ஒரு சுற்று வைத்தார்.

இஸ்திரி வண்டிக்காரர் வந்தார். "அட, இன்னும் ஒரு சுத்து."

அப்பா வைத்தார்.

பூ விற்கும் அம்மா கூடையை இறக்காமலே சொன்னாள். "இன்னும் ஒரு சுத்து வெச்சி பாரேன், தம்பி."

அதற்கும் ஒரு சுற்று வைத்தார். பிறகு என்ஜினை ஓட்டினார். சம்பந்தத்தின் மகன் தீனா, தேவியின் வகுப்புத் தோழன், கொட்டாங்குச்சி ஒன்றைக் கொண்டுவந்து என்ஜின் ஓடுவதற்கு முன்பே குஞ்சத்துக்குக் கீழே வைத்திருந்தான். இப்போது தள்ளி நின்று எண்ணினான்.

"நேத்து நிமிஷத்துக்கு நாலு சொட்டு. இன்னைக்கு ஏழு."

"டைட் வெச்சதுல நல்ல முன்னேற்றம்," என்றாள் அம்மா.

அப்பா முத்துவேலுக்குப் போன் செய்தார். முத்துவேல் வந்துகொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவி திட்டு வாங்கினாள்.

"வாளில தண்ணிய நெறைய ஊத்தாதன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்றாள் அம்மா. "பாரு, தரையெல்லாம் ஈரம்."

தேவி வாளியைப் பார்த்தாள். தண்ணீர் விளிம்புவரை இல்லை. நான்கு விரல் குறைவாகவே இருந்தது. அப்பாவின் துண்டு ஒன்று அதில் ஊறிக்கொண்டிருந்தது. துண்டின் ஒரு முனை வாளிக்கு வெளியே தொங்கியது. அந்த முனையிலிருந்து தண்ணீர் சொட், சொட் என்று விழுந்துகொண்டிருந்தது.

"நான் கொட்டல, அம்மா. துண்டு கொட்டுது."

"துண்டுக்குக் கை மொளச்சிருக்குதா?"

தேவி துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வாளிக்குள் இருக்கிறது. ஈரம் வெளியே தரையில் இருக்கிறது. துண்டு தண்ணீரை உறிஞ்சி, விளிம்பைத் தாண்டி இழுத்து, தான் தொங்கும் இடத்தில் கொண்டுவந்து விடுகிறது.

தொங்கும் இடத்தில்.

அவள் வாசலுக்கு ஓடினாள். குஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

"அப்பா," என்றாள். "ஆயில் கீழேர்ந்து வரலன்னா?"

"கீழதான சொட்டுது?"

"துண்டு மாதிரி, நூல் இழுத்துகினு வந்தா? மேல ஒழுகினாலும் நூல் வழியா கீழ வந்துடும். நாம கீழயே டைட் வெச்சிகினு இருப்போம்."

அப்பா மேல் இணைப்பைப் பார்த்தார். அங்கே எதுவும் தெரியவில்லை. பட்டு அவ்வளவு அழகாக மூடியிருந்தது.

"நூல எடுத்துட்டா தெரிஞ்சிடும்," என்றாள் தேவி.

அப்பா தாடையைத் தடவினார். "அவரு ஆசையா சுத்துனது. அறுத்துப் போட்டா மனசு கஷ்டப்படுவாரு. ஏற்கெனவே கோவத்துல இருக்காரு. இதுல, உங்க நூலுதான் ஓட்டைய மறைச்சிதுன்னு வேற போய்ச் சொல்லணுமா?"

அது சரியான பேச்சுதான். தேவி சற்று நேரம் யோசித்தாள். பிறகு தெருவைக் கடந்து சம்பந்தத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் அரக்குப் பாவை உருளையாகச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கமலம் அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒரு உதவி. டிராக்டர்ல இருக்கற நூல கழட்டிப் பாக்கணும். எங்களுக்கு அதுல தலை எது, வால் எதுன்னு தெரியல. அப்பா கத்திய எடுக்கப் போறாரு."

சம்பந்தம் எழுந்தே விட்டார். "கத்தியா? அந்த ஆள ஒண்ணுத்தையும் தொட வேணாம்னு சொல்லு. நான் வரேன்."

நூல் சுற்றும் வெற்றுக் கட்டை ஒன்றோடு வந்தார். டிராக்டரின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். குஞ்சத்தை இரண்டு விரலால் ஏதோ செய்தார். அது அவிழ்ந்துகொண்டது. கீழ் இணைப்பில் இருந்த நூலைக் கட்டையில் சுற்றத் தொடங்கினார். ஸ்பேனர் நசுக்கிய இடங்களைக்கூடப் பொறுமையாகப் பிரித்தார். கீழ் இணைப்பு வெளியே வந்தது. நடு இணைப்பு வெளியே வந்தது. மேலே போகப் போக நூல் அதிகமாக நனைந்திருந்தது. மேல் இணைப்பின் கடைசிச் சுற்றுகளை எடுத்தபோது அவர் விரலிடுக்கில் எண்ணெய் வழிந்து முழங்கைக்கு ஓடியது.

சம்பந்தம் தன் விரல்களைப் பார்த்தார். மேல் இணைப்பைப் பார்த்தார். குஞ்சம் தொங்கிய இடத்தைப் பார்த்தார். அங்கிருந்து தரையைப் பார்த்தார்.

"ஆயிலு மேலேர்ந்து வருது," என்றார் மெதுவாக.

"அப்படித்தான் தோணுது, மாமா," என்றாள் தேவி.

"அத கீழ கொண்டாந்து விட்டது இந்த நூலு."

"நூலு நல்ல நூலு, மாமா. அதான் ஒரு சொட்டுகூட வழில வுடாம கொண்டாந்துடுச்சி."

வாசலில் நின்ற கமலம் அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"இன்னா சிரிப்பு?" என்றார் சம்பந்தம்.

"வெங்காயம்," என்றாள் அத்தை.

இருந்தாலும் அப்பாவுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. குழாய் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. மேலேயா, நடுவிலா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமே. மூன்றையும் துணியால் பிசுக்குப் போகத் துடைத்தார்.

"அம்மாவோட பவுடர் கொண்டாரட்டா?" என்றாள் தேவி. "மூணு எடத்துலயும் பூசிடலாம். எது மொதல்ல நனையுதோ அங்கதான் ஓட்டை."

அம்மாவின் பவுடர் டப்பா புதியது. மல்லிகை வாசனை. அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"டிராக்டருக்கா?"

"அவருக்கு," என்றார் அப்பா.

அம்மா பெருமூச்சோடு கொடுத்தாள். தேவி மூன்று இணைப்புகளிலும் தாராளமாகத் தூவினாள். தெருவே மணந்தது. இஸ்திரி வண்டிக்காரர் நின்றார்.

"இன்னா ஜெயவேலு, அவருக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களா?"

அப்பா கண்டுகொள்ளவில்லை. கரிக்கட்டியால் தரையில் ஒரு கோடு கிழித்தார். "என்ஜின் ஓடற வரைக்கும் யாரும் இத தாண்டக் கூடாது. தீனா, உன்னையும்தான் சொல்றேன். உள்ள ஆயிலு அவ்ளோ பலமா ஓடும். சின்ன ஓட்டைல வந்தாக்கூட ஊசி மாதிரி கைக்குள்ள ஏறிடும். கண்ணால மட்டும் பாருங்க."

என்ஜின் உறுமியது. அப்பா கைப்பிடியை இழுத்தார். காலி டிரெய்லர் மெல்ல எழும்பியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள்.

கீழ் இணைப்பு வெள்ளையாக இருந்தது. நடு இணைப்பு வெள்ளையாக இருந்தது. மேல் இணைப்பில் எறும்பு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி தோன்றியது. அது கடுகானது. மிளகானது. பிறகு வாயைத் திறந்ததுபோல் நீண்டு ஒழுகியது.

"மேல," என்றான் தீனா.

"மேல," என்றார் பால்காரர். அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

அப்பா டிரெய்லரை இறக்கினார். என்ஜினை நிறுத்தினார். குழாயில் மிச்சம் இருந்த பலமும் அடங்கட்டும் என்று கைப்பிடியை இரண்டுமுறை மேலும் கீழும் அசைத்தார். சூடு ஆறும்வரை காத்திருந்தார். அதன் பிறகுதான் மேல் இணைப்பைக் கழற்றினார்.

உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருந்தது. சுண்டுவிரல் மோதிரம் அளவு. தேவி அதை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். நகம் இறங்கவே இல்லை. தன் தலைமுடி ரப்பரை அழுத்தினாள். மெத்தென்று நசுங்கித் திரும்பவும் எழுந்தது.

"இதுதான் ஆயில அடைக்கணும். ஆனா இது கல்லு மாதிரி ஆயிடுச்சி," என்றாள்.

சம்பந்தம் கையை நீட்டினார். வளையத்தை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் மெல்ல உருட்டினார். அரைச் சுற்றில் விரல் நின்றது.

"இங்க ஒரு கீறல். தலைமயிரு அளவு."

யாருக்கும் தெரியவில்லை. தேவி பள்ளிப் பையில் வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து பார்த்தாள். இருந்தது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கிருஷ்ணம்மாள் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை திறந்திருக்கும். அப்பாவும் தேவியும் போனபோது கதவை இழுத்துக்கொண்டிருந்தார். வளையத்தை வாங்கி, கம்பியில் கோத்திருந்த வளையங்களோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பிறகு முகர்ந்து பார்த்தார்.

"இன்னா இது, மல்லிப்பூ வாசனை?"

"பவுடர் போட்டோம்," என்றார் அப்பா.

"அதுக்கு முன்னாடி?"

"நூல் சுத்தினோம்."

"இன்னா நூலு?"

அப்பா கடைப்பலகையைப் பார்த்தபடி சொன்னார். "பட்டு."

கிருஷ்ணம்மாள் வெகுநேரம் அவரைப் பார்த்தார். "முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். துணி சுத்தினவங்கள பாத்திருக்கேன். சோப்பு அடைச்சவங்கள பாத்திருக்கேன். பட்டு சாத்தினத இப்பதான் பாக்கறேன்."

அதே அளவில் புதிய வளையம் இரண்டு கொடுத்தார். ஒன்று மாட்ட, ஒன்று பத்திரத்துக்கு.

வீட்டுக்கு வந்து அப்பா வளையம் இருந்த பள்ளத்தைச் சுத்தமான துணியால் துடைத்தார். புது வளையத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவி உட்கார வைத்தார். நேற்று மூன்று பேர் சொன்னதைக் கேட்டு இறுக்கியதில் குழாய் கோணிப்போய் மேல் இணைப்பையும் இழுத்திருந்தது. கீழ் இணைப்பைத் தளர்த்தி, குழாயை நேராக்கி, மறுபடி இரண்டையும் அளவாக இறுக்கினார்.

"அவ்ளோதானா?" என்றார் பால்காரர். "இன்னும் ஒரு சுத்து..."

அப்பாவின் கை தானாகவே ஸ்பேனரை நோக்கிப் போனது. ஸ்பேனர் அங்கே இல்லை. தேவி அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு, கண்ணு."

"மாட்டேன். ரொம்ப டைட் வெச்சா புது வளையமும் நசுங்கிடும்."

"ஒரே ஒரு சுத்து," என்றார் இஸ்திரிக்காரர்.

"அரைச் சுத்து," என்றாள் பூக்கார அம்மா.

தேவி எழுந்திருக்கவில்லை. கூட்டம் கலையும்வரை அங்கேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் முழுவதையும் முடித்தாள்.

சாயங்காலம் அப்பா டிரெய்லரைப் பத்து முறை தூக்கி இறக்கினார். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. சம்பந்தம் எல்லாவற்றையும் பார்த்தார். ஆனாலும் பட்டு விஷயத்தில் அவர் கண்ணை மட்டும் நம்பும் ஆள் இல்லை.

தன் வெள்ளை மேல்துண்டை மடிப்புக் கலையாமல் எடுத்துவந்து டிராக்டருக்கு அடியில் வைத்தார். "வியாழக்கெழமை கல்யாணத்துக்குப் போட்டுகினு போனது. ஒரு பொட்டு அழுக்கு கெடையாது. காலைல ஒரு பொட்டு இருந்தாலும் வண்டி களம்பூருக்கு."

கமலம் அத்தை அந்தத் துண்டைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டது. ஓடிவிட்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் தேவிதான் முதலில் வெளியே வந்தாள். இல்லை, இரண்டாவதாக வந்தாள். சம்பந்தம் ஏற்கெனவே அங்கே குந்தியிருந்தார். அவர் முகம் சரியில்லை.

மேல்துண்டின் நடுவே ஒரு பொட்டு இருந்தது. வெளிர்மஞ்சள் நிறம். ஒரு ரூபாய் நாணயம் அளவு.

அப்பா வந்தார். பார்த்தார். வண்டிச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மறுபடி உள்ளே போட்டார்.

"நான் இன்னா செய்யட்டும், ஜெயவேலு," என்றார் சம்பந்தம். "நானே தலைகீழா நின்னு பாத்துட்டேன். இருக்குது."

தேவி குனிந்து டிராக்டரின் குழாயைப் பார்த்தாள். பவுடர் வெள்ளையாக இருந்தது. மேலே வெள்ளை, கீழே பொட்டு. அது எப்படி?

"மாமா, துண்ட பிரிக்கலாமா?"

முதல் மடிப்பைத் தூக்கினாள். அடியில் இருந்த பொட்டு இன்னும் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. அடுத்ததைத் தூக்கினாள். இன்னும் அழுத்தம். கடைசி மடிப்பின் உட்புறத்தில் அது நல்ல மஞ்சளாக இருந்தது.

"மேலேர்ந்து சொட்டியிருந்தா மேல் மடிப்புலதான் அதிகமா இருக்கணும்," என்றாள். "இது உள்ளேர்ந்து வெளிய வந்திருக்குது."

அவள் முகர்ந்து பார்த்தாள். எண்ணெய் வாசனை இல்லை. ஏலக்காய் வாசனை.

"அத்தை," என்று கூப்பிட்டாள்.

கமலம் அத்தை வந்தாள். துண்டைப் பார்த்தாள். சம்பந்தத்தைப் பார்த்தாள்.

"இது கல்யாண வீட்டுக் கேசரி. வண்டி சூட்டுல நெய் எளகி வெளிய வந்திருக்குது. எனக்குன்னு எலைல மடிச்சி, துண்டுல சுத்தி எடுத்தாந்தாராம். வீட்டுக்கு வந்தது வெறும் எலை."

எல்லோரும் சம்பந்தத்தைப் பார்த்தார்கள்.

"பஸ்சு ரொம்ப லேட்டு," என்றார் அவர். "பசிச்சிது."

அப்பா சிரிக்கக் கூடாது என்று நினைத்துத்தான் டிராக்டருக்குப் பின்னால் போனார். ஆனால் அங்கிருந்து சத்தம் நன்றாகவே கேட்டது. பிறகு சம்பந்தமும் சிரித்துவிட்டார்.

"ஜல்தியா வண்டிய கோடியில வெச்சிட்டு வாப்பா," என்றார். "பாவு நீட்டணும். ஆள் பத்தாது. நீயும் ஒரு பக்கம் புடி. கைய சோப்பு போட்டுக் கழுவிகினு வா."

அரைமணி நேரத்தில் அரக்குப் பட்டு தெருவின் நீளத்துக்கு எழுந்து நின்றது. வெயில் பட்டதும் பதினெட்டு வீட்டுச் சுவர்களும் சிவந்தன. அப்பா ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு மூச்சுகூட விடாமல் நின்றார். டிராக்டர் நின்ற இடத்தில் தரை காய்ந்து கிடந்தது.

வேலை முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் ஒரு பைக் வந்து நின்றது. கருவிப்பையோடு ஒருவர் இறங்கினார். முத்துவேல்.

"வந்துட்டேங்க," என்றார். "சொன்னேன் இல்ல?"

டிராக்டரைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். எங்கேயும் ஒழுகவில்லை. மூக்கைச் சுருக்கினார்.

"இன்னாங்க இது, அவரு மேல மல்லிப்பூ வாசனை அடிக்குது?"

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லார் வாயிலும் டீ இருந்தது.

அன்று சாயங்காலம் தேவி சக்கரத்துத் தகட்டில் ஏறி உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து சேர்ந்துபோனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா துடைத்துக்கொண்டே "ம்" கொட்டினார். டிராக்டர் "டிக், டிக்" என்றது.

அப்போதுதான் அவள் கவனித்தாள். ஸ்டியரிங்கில் புதிதாக ஒரு குஞ்சம் தொங்கியது. அரக்குப் பட்டு. முடிச்சு அவ்வளவு நேர்த்தியாக இருந்ததால், கட்டியது யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

தேவி அதன் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். விரல் ஈரமாகவில்லை.